புதுப்பிப்பு: மாமனார் கடை உரிமம், மருமகள் வாரிசா?

மறைந்த மாமனாரின் கடை உரிமத்தை மாற்ற மருமகளான நானும் வாரிசாக முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும். என் கணவர் அவருக்கு முன்பே இறந்துவிட்டார், அதனால்தான். உயில் இல்லையென்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முன்னரே இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது சொத்தில் முதலில் உரிமை பெறுபவர்கள். மகன் உயிரோடு இருந்தால் மருமகளுக்கு அந்த இடம் கிடையாது. மருமகனுக்கு எப்போதுமே கிடையாது.

வாரிசுச் சான்றிதழுக்கு இரண்டு இறப்புச் சான்றிதழ்களையும் கொடுத்தேன். அலுவலர் தேதிகளை விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் என் பெயரைச் சேர்த்தார். அப்புறம் அத்தையும் நாத்தனாரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டார்கள். அத்தைக்குக் கை நடுங்கியது, ஆனாலும் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். உரிம மாற்ற மனுவை நேற்று கொடுத்தாயிற்று.