விற்ற பொருளும் வராத பணமும்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

மதுரை உறுப்பினர்:
அம்மா தையற்கடையை மூடியபோது அவருடைய பவர் மெஷினை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தோம். ரூ.18,000 என்று பேசி முடித்தவர் குட்டியானை வண்டியோடு வந்து, மெஷினை ஏற்றிக் கயிறு கட்டிய பிறகுதான் கைப்பேசியை எடுத்தார். திரையில் பச்சை வட்டத்துக்குள் டிக் குறி, அம்மாவின் பெயர், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் எல்லாமே இருந்தன. பணம் போனதற்கான ஒலிகூடக் கேட்டது. அம்மாவின் கணக்கில் மட்டும் ஒரு ரூபாயும் ஏறவில்லை. சர்வர் மந்தம், அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்றார். வரும்வரை இருங்கள் என்று நான் சொன்னதும், குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, "என்னப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கும்மா?" என்று கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன. நான் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி மெஷினை இறக்க வைத்தேன். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. அவருடைய எண்ணும் அன்று மாலையே அணைந்துவிட்டது. ஆனாலும், வீடு தேடி வந்தவரை அழ வைத்து அனுப்பிவிட்டாயே என்று அம்மா இன்னமும் சொல்கிறார். பணம் போனதுபோல் காட்டிய போலிச் செயலியின் திரையைப் போலவே அந்தக் கண்ணீரும் தயார் செய்யப்பட்டதுதான் என்பதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பேன்?

இளம்பிள்ளை உறுப்பினர்:
மதுரை சகோதரருக்குக் கயிற்றை அவிழ்க்கவாவது வழி இருந்தது. பொருளைக் கூரியரில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அதுவும் இல்லை. நான் அனுப்பிய மென்பட்டுச் சேலை, "சேதமடைந்துள்ளது" என்ற காரணத்துடன் முகூர்த்த வாரம் முடிந்த கையோடு திரும்பி வந்தது. பிரித்தவுடன் மல்லிகையும் சென்ட்டும் கலந்த வாசனை அடித்தது. கீழ் ஓரத்தில் ஃபால்ஸ் தைத்துப் பிரித்த ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. முந்தானையில் சாம்பார்க் கறை. படம் எடுத்து அனுப்பியும், விற்பனைத் தளம் வாங்கியவருக்கே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. திரும்பி வந்த கூரியர் கட்டணமும் என் தலையில்தான் விழுந்தது. ஒரு கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு திருப்பி அனுப்புவதைத் திருட்டு என்று அந்தப் பெண்மணி நினைத்திருக்கவே மாட்டார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

திருச்சி உறுப்பினர்:
பழைய கட்டில் விற்றபோது, "இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் முன்பணம் வரும்" என்று ஒருவர் எனக்கும் அனுப்பினார். தன்னை இராணுவ அதிகாரி என்று சொல்லி, அடையாள அட்டையின் படமும் அனுப்பியிருந்தார். உடனே தொடர்பைத் துண்டித்துவிட்டேன். எல்லோரும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். யூபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்கும் திரை வந்தாலே பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் பணக் கோரிக்கையை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது என்றாலும், க்யூஆர் குறியீடும் திரைப்பகிர்வுச் செயலிகளும் ஏமாற்றுபவர்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. வாங்குபவரின் திரையையோ குறுஞ்செய்தியையோ நம்பாமல், உங்கள் வங்கிச் செயலியில் இருப்புத் தொகையைப் பார்த்த பிறகே பொருளைக் கையிலிருந்து விடுங்கள். பணம் வந்ததும் தொகையைச் சொல்லும் ஒலிப்பெட்டியைக் கடைகளில் வைப்பதும் இதற்காகத்தான். பணம் போய்விட்டால் காவல் நிலையத்துக்கு அலைவதற்கு முன் 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தகவல் போனால்தான் தடுக்க முடியும். இளம்பிள்ளை சகோதரி பொதி கட்டுவதையும் திரும்பி வந்ததைப் பிரிப்பதையும் வெட்டு இல்லாமல் ஒரே காணொளியாக எடுத்து வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

கோவை உறுப்பினர்:
திருச்சி ஐயா சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை. வங்கி இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் நான் என் மடிக்கணினியைக் கொடுத்தேன், ரூ.32,000 முழுமையாக வந்திருந்தது. சில வாரங்கள் கழித்து, மருந்துக் கடையில் அப்பாவின் மாத்திரைக்குப் பணம் செலுத்த முயன்றபோது கணக்கு முடங்கியிருந்தது. வேறு மாநிலத்தில் யாரோ ஒருவர் பறிகொடுத்த பணத்தைக் கொண்டுதான் அந்த மனிதர் என் மடிக்கணினியை வாங்கியிருக்கிறார். பறிகொடுத்தவர் 1930-இல் புகார் செய்ய, பணம் போன தடத்தில் இருந்த என் கணக்கும் சிக்கிக்கொண்டது. வங்கி மேலாளர் காட்டிய தாளில் கணக்கு எண்களின் நீண்ட வரிசை இருந்தது. அதில் ஒன்று என்னுடையது. விளம்பரம், உரையாடல், மடிக்கணினியின் ரசீது எல்லாவற்றையும் அந்த ஊர்க் காவல்துறைக்கு அனுப்பிவிட்டு இன்னும் காத்திருக்கிறேன். பேசியவர் ஒருவர், பணம் அனுப்பியவர் வேறொருவர் என்றால் அங்கேயே வியாபாரத்தை நிறுத்திவிடுங்கள். என்னிடம் வந்தவர் "மச்சான் கணக்கிலிருந்து போடுகிறேன்" என்றார். நம் ஊரில் அது எவ்வளவு சாதாரணமான பேச்சு!

இளம்பிள்ளை உறுப்பினர்:
திருச்சி அண்ணா, காணொளி என்னிடம் இருந்தது, அனுப்பியும் வைத்தேன். சேலை என்னுடையதுதான் என்பதை அது காட்டுமே தவிர, யாரோ உடுத்தினார்கள் என்பதைக் காட்டாது என்று பதில் எழுதினார்கள். இப்போது முந்தானையின் வெளிப்புறத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், "இதை நீக்கினால் திரும்பப் பெற இயலாது" என்று அச்சிட்ட அட்டையை நூலால் தைத்து அனுப்புகிறேன். அட்டையோடு யாரும் கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். உடுத்திய சேலை அதன் பிறகு திரும்பி வரவில்லை.