வீட்டுச் சேமிப்பகத்துக்கு நான்கு நெட்வொர்க் போர்ட் உள்ள சர்வர் மதர்போர்டு தேவைதானா?

கேள்வி: ஆறுவட்டு

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தபடியே திருமண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஆறைப் பொருத்தி, அவற்றில் இரண்டு பழுதானாலும் தரவு தப்பிக்கும்படி இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையில் அமைத்து, ட்ரூநாஸ் என்ற சேமிப்பக இயங்குதளம் கொண்டு மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இப்போது அந்த மதர்போர்டு அவ்வப்போது தானாகவே அணைந்து எழுகிறது. எனவே இம்முறை ஈ.சி.சி. மெமரி (பிழைகளைத் தானே கண்டறிந்து திருத்தும் மெமரி) ஏற்கும் சர்வர் மதர்போர்டாகவே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று பலகைகள் கண்ணில் பட்டிருக்கின்றன. முதலாவது சூப்பர்மைக்ரோ எக்ஸ்11எஸ்.சி.எச்-எல்.என்.4எஃப், இதில் 1 ஜிகாபிட் போர்ட் நான்கு உள்ளன. இரண்டாவது, அதே நிறுவனத்தின், இன்டெல் ஆட்டம் சி3558 பிராசசர் சில்லு பதித்த சிறிய பலகை. இதிலும் நான்கு போர்ட். மூன்றாவது ஏஎஸ்ராக் ரேக் எக்ஸ்470டி4யு2-2டி. இதில் 10 ஜிகாபிட் போர்ட் இரண்டு உள்ளன, ஆனால் விலை அதிகம். நான்கு போர்ட்டுகளையும் ஒன்றாக இணைத்தால் 4 ஜிகாபிட் வேகம் கிடைக்குமா என்பதே என் முதன்மையான கேள்வி. கிடைக்கும் என்றால் முதல் பலகையே போதும். எடிட்டிங் கணினிக்கும் சேமிப்பகத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மீட்டர் கேபிள் ஓடுகிறது.

பதில்: கேபிள்காரன்

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் எதிர்பார்க்கும் விதத்தில் கிடைக்காது. பல போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் எல்.ஏ.சி.பி. என்ற இணைப்பு முறையில், அனுப்பும் கருவி இரு முனைகளின் முகவரிகளையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, எந்தக் கேபிளில் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. பாக்கெட்டுகள் வரிசை மாறிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு தொடர்பு எந்தக் கேபிளில் தொடங்கியதோ அதே கேபிளில்தான் முடியும் வரை போகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கோப்பெடுக்கும் அலுவலகத்தில் இதனால் பயன் உண்டு; நீங்கள் ஒருவர் மட்டும் ஒரு கோப்பை இழுக்கும் வீட்டில் மற்ற மூன்று கேபிள்களும் சும்மாதான் கிடக்கும். அதற்கும் மேலாக, உங்கள் எடிட்டிங் கணினியில் ஒரே ஒரு 1 ஜிகாபிட் போர்ட்தான் இருக்கிறதென்றால், சர்வரில் எத்தனை போர்ட் வைத்தும் பயனில்லை.

கணக்கைப் பாருங்கள். 1 ஜிகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட். நடைமுறையில் 110 சொச்சம் வரும். 60 ஜிகாபைட் திருமண வீடியோ ஒன்றை நகலெடுக்க ஒன்பது நிமிடம் ஆகும். நான் இரண்டு போர்ட்டுகளை இணைத்து, அதற்கென்றே ஒரு ஸ்விட்சும் வாங்கி, ஆவலோடு சோதித்தேன். அப்போதும் அதே ஒன்பது நிமிடம்தான். உங்கள் ஆறு டிஸ்க்குகளோ சேர்ந்து படிக்கும்போது நொடிக்கு 400 மெகாபைட்டுக்கு மேல் தரக்கூடியவை. ஆக, முட்டுக்கட்டை போடுவது டிஸ்க் அல்ல, கேபிள்தான்.

பதில்: சாம்பார்சாதம்

மேலே நண்பர் சொன்னது எல்.ஏ.சி.பி.க்குப் பொருந்தும், ஆனால் வேறு ஒரு வழி இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்.எம்.பி.யில் மல்டிசேனல் என்ற வசதி விண்டோஸ் 8 முதல் இருக்கிறது; அதே பகிர்வை லினக்ஸ் போன்றவற்றில் செய்யும் சாம்பா மென்பொருளில் 2021-இல் வந்த 4.15 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயக்கத்தில் உள்ளது. இது ஒரே கோப்பைக்கூட இரண்டு மூன்று போர்ட்டுகளில் பிரித்து அனுப்பும். இதற்குப் போர்ட்டுகளை இணைக்கக் கூடாது. தனித்தனியாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சப்நெட் (தனி முகவரித் தொகுதி) கொடுக்க வேண்டும். எடிட்டிங் கணினியிலும் அதே எண்ணிக்கையில் போர்ட் வேண்டும். நான்கு கேபிளை 12 மீட்டருக்கு இழுப்பதற்குப் பதில் ஒரு 10 ஜிகாபிட் இணைப்பைப் போடுவதே எளிது என்பது என் எண்ணம். ஆனால் ‘முடியவே முடியாது’ என்று சொல்வது சரியல்ல.

பதில்: பழையபலகை

போர்ட் எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். முதல் பலகையில் டிஸ்க்குகளைச் செருகும் சாட்டா இணைப்பு எட்டு உள்ளது. உங்கள் ஆறு டிஸ்க்குக்குத் தனி கார்டு வேண்டாம். நெட்வொர்க் சில்லு இன்டெல் ஐ210, லினக்ஸ், பி.எஸ்.டி. என எந்த இயங்குதளத்திலும் தகராறு செய்யாது. கோர் ஐ3-9100 போன்ற எளிய பிராசசரே அதில் ஈ.சி.சி.யோடு ஓடும், சர்வருக்கான ஜியான் பிராசசர் தேவையில்லை. அடுத்த தலைமுறை ஐ3-10100-இல் ஈ.சி.சி. இல்லை என்பதால், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மெமரியில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். பழைய சர்வர் சாமான் விற்கும் கடையில் 16 ஜி.பி. ஈ.சி.சி. குச்சிகள் நான்கு மலிவாகக் கிடைத்தன, டி.டி.ஆர்.4 என்று ஸ்டிக்கரில் இருந்ததைப் பார்த்த மகிழ்ச்சியில் வாங்கி வந்தேன். பலகை பீப் ஒலி எழுப்பியதோடு சரி, திரையில் எதுவும் வரவில்லை. ஸ்டிக்கரின் கடைசியில் இருந்த ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்தை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அவை ரெஜிஸ்டர்டு வகை, அதாவது சமிக்ஞைகளை இடையில் தாங்கி அனுப்பும் தனிச் சில்லு உள்ளவை; அது இல்லாதவை அன்பஃபர்டு வகை. உங்கள் பட்டியலில் முதல் பலகையும் மூன்றாவது பலகையும் அன்பஃபர்டு ஈ.சி.சி. மட்டுமே ஏற்கும். ஆட்டம் சி3558 பலகை இரண்டு வகையையும் ஏற்கும் என்பதால், மலிவான ரெஜிஸ்டர்டு குச்சி கைவசம் இருப்பவர்களுக்கு அதுவே நல்ல தேர்வு. அந்தச் சில்லின் மின் வரம்பும் 16 வாட்தான். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் பெட்டியில் கூடுதலாகச் செலவாகும் ஒவ்வொரு 10 வாட்டும், இரண்டு மாத மின் கணக்கில் 14 யூனிட்டுக்கு மேல் சேர்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: தேடும்போது சி2550, சி2750 என்ற பழைய ஆட்டம் பலகைகளும் மலிவாகக் கண்ணில் படும். அவற்றின் தொடக்ககாலச் சில்லுகளில் கடிகார சமிக்ஞை நின்றுபோய்ப் பலகையே உயிரிழக்கும் குறை இருந்தது 2017-இல் வெளியே தெரிந்தது. திருத்திய சில்லு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

பதில்: கேபிள்காரன்

அப்படியானால் என் பரிந்துரை இது. முதல் பலகையை வாங்கி, அதன் எட்டு வழி பி.சி.ஐ.இ. ஸ்லாட்டில் இன்டெல் எக்ஸ்520 வகை 10 ஜிகாபிட் கார்டு ஒன்றையும், எடிட்டிங் கணினியில் இன்னொன்றையும் பொருத்துங்கள். இடையில் ஸ்விட்ச் வேண்டாம், நேராகவே இணைக்கலாம். 12 மீட்டர் என்பதால் இரு கார்டுகளிலும் நேரே செருகும் செம்பு டி.ஏ.சி. கேபிள் எட்டாது, இரு முனையிலும் எஸ்.ஆர். மாட்யூல் (குறுகிய தூரத்துக்கான ஒளி மாட்யூல்) வைத்து ஃபைபர் போடுங்கள். அந்த இணைப்புக்கு 10.10.10.1, 10.10.10.2 என்று தனி முகவரி கொடுத்து, விண்டோஸில் டிரைவை அந்த முகவரி வழியாகவே இணைக்க வேண்டும். சர்வரின் பெயரைக் கொடுத்தால் அது பழைய ஜிகாபிட் வழியிலேயே போய்விடலாம். பலகையிலுள்ள நான்கு போர்ட்டுகளில் ஒன்று வீட்டு ரௌட்டருக்கு, ஒன்று சி.சி.டி.வி. கேமராக்களின் தனி ஸ்விட்சுக்கு. மீதி இரண்டு சும்மா இருந்தால் இருக்கட்டும்.

பதில்: ஆறுவட்டு

மிக்க நன்றி. முதல் பலகையும் ஐ3-9100-உம் வந்து சேர்ந்தன. மெமரியை ஸ்டிக்கரின் கடைசி எழுத்து வரை படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஃபைபர் வழியாக அதே 60 ஜிகாபைட் கோப்பு இப்போது இரண்டரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. ரௌட்டரின் பட்டியலில் நான் கொடுக்காத ஒரு முகவரி தெரிகிறது. மேலும், ஓசை குறைந்த பெரிய மின்விசிறிகளைப் பொருத்தியதிலிருந்து, அவை அரை நிமிடத்துக்கு ஒருமுறை முழு வேகத்தில் சீறிவிட்டு மீண்டும் அடங்குகின்றன.

பதில்: பழையபலகை

அந்த முகவரி, பலகையைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்க உதவும் ஐ.பி.எம்.ஐ. வசதியுடையது. அதற்கான தனிப் போர்ட்டில் கேபிள் இல்லாவிட்டால், அது முதல் நெட்வொர்க் போர்ட்டைப் பகிர்ந்துகொள்ளும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. அமைப்பில் ‘ஃபெயில்ஓவர்’ என்பதை ‘டெடிகேட்டட்’ என்று மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லையும் இன்றே மாற்றுங்கள், இணையத்துக்கு அதைத் திறந்துவிடாதீர்கள். மின்விசிறி சீறுவதற்குக் காரணம், அது சுழலும் வேகம் பலகையின் கீழ் எச்சரிக்கை வரம்புக்கும் குறைவாக இருப்பதுதான். மின்விசிறி நின்றுவிட்டது என்று நினைத்துப் பலகை முழு வேகத்துக்கு உந்துகிறது. ஐ.பி.எம்.ஐ.டூல் நிரலில் அந்த மின்விசிறியின் கீழ் வரம்புகள் மூன்றையும் 100, 200, 300 என்று இறக்கிவைத்தால் அடங்கிவிடும்.