இடது லேண்டிங் கியர் காலில் ஓட்டை தப்பியிருக்கிறது: காலையே மாற்ற வேண்டுமா?

வால்சக்கரம்:
வணக்கம். ஒருவர் பாதி கட்டி நிறுத்திய இரண்டு இருக்கை விமானத்தை வாங்கி, மீதியை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். வால்சக்கர வகை, அதாவது முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம். சக்கரத்தைத் தாங்கும் கியர் கால்கள் 7075-டி6 என்ற உறுதியான அலுமினியக் கலவைப் பட்டை, ஸ்பிரிங் மாதிரி வளைந்து கொடுப்பவை. ஒவ்வொரு காலின் அடி முனையிலும் ஆக்சில் ஃபிளாஞ்சை, அதாவது சக்கர அச்சோடு சேர்ந்த தட்டையான தகட்டை, பிடிக்க நான்கு 1/4 அங்குல போல்ட்.

வலது கால் சுத்தம். இடது காலில் நான்கில் இரண்டு ஓட்டைகள் சுமார் 1/16 அங்குலம் பின்னால் தள்ளி விழுந்திருக்கின்றன. அதோடு விட்டார்களா? சரியான இடத்தில் மறுபடியும் டிரில் விட்டதில் இரண்டும் நீள ஓட்டையாகிவிட்டன. போல்ட் போட்டால் முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்தச் சக்கரம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியும் நிற்கிறது. ஓட்டை தப்பியதால்தான் அப்படி என்கிறார் விற்றவர்.

ஓட்டையின் மையத்திலிருந்து பக்கத்து ஓரம் வரை 13/16 அங்குலம். அடுத்த ஓட்டை ஒன்றரை அங்குலம் தள்ளி. ஃபிளாஞ்சில் உள்ள ஓட்டைகள் கச்சிதமாக இருக்கின்றன. இதைச் சரிசெய்ய முடியுமா, புதுக் கால்தான் வாங்க வேண்டுமா?

ரிவெட்துப்பாக்கி:
மெட்டல் எபாக்சி வைத்து அடைத்துவிட்டுப் புதிதாக ஓட்டை போடலாமே. இல்லையென்றால் ஆர்கான் வெல்டிங் வைத்து நிரப்பலாம். நான்கு போல்ட்டில் இரண்டு இறுக்கமாகத்தானே இருக்கிறது?

கடைசல்:
ரிவெட் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டுமே வேண்டாம். 7075 சாதாரண வெல்டிங்குக்கு ஒத்துவராத கலவை, விரிசல் விடும். விடாவிட்டாலும் டி6 பதம், அதாவது சூடாக்கிப் பதப்படுத்தியதால் வந்த உறுதி, அந்த இடத்தில் போய்விடும். எபாக்சி ஓட்டையை மறைக்கும், சுமை தாங்காது. பிரேக் பிடிக்கும்போது வருகிற முறுக்கு முழுவதும் அந்த நான்கு போல்ட் வழியாகத்தான் காலுக்குப் போகிறது. இரண்டு தளர்வாக இருந்தால் மற்ற இரண்டும் சுமக்கும். கொஞ்ச நாளில் அவையும் ஓட்டையை அகட்டிவிடும்.

வால்சக்கரம், உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், தப்பு நடந்தது அடி முனையில். இந்த வகைக் காலில் வளைவு விசை அதிகம் வருவது மேலே, உடற்பகுதியோடு பிடிக்கிற இடத்தில். சக்கரப் பக்கம் வர வர அது குறையும். இதே ஓட்டை மேலே இருந்திருந்தால் காலைத் தூக்கிப் போடுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். தரை இறங்கும்போது காலின் கீழ்ப்பக்கம் இழுபடும், அங்கே ஒரு ஆழமான கீறல் இருந்தாலே விரிசல் அதிலிருந்து கிளம்பும்.

இப்போது கணக்கு. சரியான மையத்தை வைத்து, தப்பான ஓட்டையையும் விழுங்குகிற அளவுக்கு ஒரு வட்டம் வேண்டும். 1/4 ஓட்டை 1/16 தள்ளியிருந்தால் அந்த வட்டம் 3/8 அங்குலம். மையத்திலிருந்து ஓரம் வரை விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி, அப்படியானால் 3/4 போதும். உங்களிடம் 13/16 இருக்கிறது. பக்கத்து ஓட்டைக்கு மூன்று மடங்கு, அதாவது 1 1/8 அங்குலம் வேண்டும். அதுவும் இருக்கிறது. ஆனால் தப்பு 1/16க்கு மேல் ஒரு இழை போயிருந்தாலும் 3/8 வட்டத்துக்கு வெளியே பிறை மாதிரி ஒரு மிச்சம் நிற்கும். அடுத்த அளவு 7/16, அதற்கு 7/8 ஓரம் வேண்டும், உங்களிடம் இல்லை. அதனால் 'சுமார்' என்ற வார்த்தையை விட்டுவிட்டு, பின் கேஜ் (துல்லிய விட்டமுள்ள அளவுக் கம்பி) போட்டு அளந்து சொல்லுங்கள்.

கணக்கு ஒத்துவந்தால் 3/8 வெளி விட்டம், 1/4 உள் விட்டத்தில் ஸ்டீல் புஷ் (ஓட்டைக்குள் உட்காரும் சின்னக் குழாய்) கடைந்து போடலாம். பழைய போல்ட்டும் ஃபிளாஞ்சும் அப்படியே இருக்கும். கை டிரில் மட்டும் வேண்டாம், அது பழைய ஓட்டைப் பக்கமே ஓடும். மில்லிங் மெஷினில் காலைக் கட்டி, நல்ல ஓட்டைகள் இரண்டையும் வைத்து இடம் பிடித்து, போரிங் ஹெட்டில் (ஓட்டையைச் சரியான மையத்தில் பெரிதாக்கும் கருவி) 23/64 வரை எடுத்துவிட்டு, கடைசி அளவுக்குச் சீவ ரீமர் விடுங்கள். புஷ்ஷை அடித்து இறுக்க வேண்டாம். 7075-டி6இல் ஓட்டையைச் சுற்றி நிரந்தர இழுவிசை இருந்தால், ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் விரிசல் உண்டாக்கும். கையால் தள்ளினால் போகிற அளவுக்கு வைத்து, ஈர பிரைமர் பூசிப் போடுங்கள். ஸ்டீலும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வரும், பிரைமர் அதற்கும் சேர்த்துத்தான். புஷ்ஷின் நீளம் காலின் தடிமனைவிட ஒரு இம்மி குறைவாக இருக்கட்டும். போல்ட் இறுக்கும்போது ஃபிளாஞ்ச் காலைத்தான் அழுத்த வேண்டும், புஷ்ஷை அல்ல. புஷ் போடுவதற்கு முன்னால் டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்து விரிசல் பாருங்கள்.

மேலேயிருந்துபார்:
கடைசல் சொன்னது எல்லாம் சரி, ஆனால் வரிசை முக்கியம். முதலில் விமானத்தை வடிவமைத்தவருக்கு அளவுகளையும் படத்தையும் அனுப்பிக் கேளுங்கள். இரண்டு மடங்கு விதி பொது விதிதான், இந்தக் காலின் சுமைக் கணக்கு அவரிடம் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். செய்ததை எல்லாம் கட்டுமானப் பதிவேட்டில் படத்தோடு எழுதி வையுங்கள், பின்னால் பரிசோதிக்க வருபவர் கேட்பார்.

வால்சக்கரம்:
பின் போட்டு அளந்தேன். ஒன்று 0.058, மற்றது 0.061 அங்குலம். இரண்டும் 1/16க்குள் அடங்குகின்றன. வடிவமைத்தவருக்கு எழுதிவிட்டேன். சரி, புஷ் போட்டு ஓட்டை நேரானதும் சக்கரமும் நேராகிவிடும் அல்லவா?

கடைசல்:
ஆகாது. விற்றவர் சொன்ன காரணம் தப்பு. ஃபிளாஞ்ச் காலின் முகத்தில் தட்டையாக உட்காருகிறது. அந்த முகத்திலேயே ஓட்டையை எங்கே நகர்த்தினாலும் சக்கரம் முன்னே பின்னே போகும், மேலே கீழே போகும், ஆக்சில் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பாது. திரும்பியிருந்தால் முகமே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஆப்பு மாதிரி சாய்வு ஷிம் விற்கிறார்கள், ஃபிளாஞ்சுக்கும் காலுக்கும் நடுவில் வைப்பது.

ஆனால் அளக்காமல் வாங்காதீர்கள். பறக்கும்போது இருக்கிற எடையை ஏற்றுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் நடுவில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை வைத்து, வாலைத் தூக்கி மட்டமாக நிறுத்தி, வண்டியைக் குலுக்கிவிட்டு அளங்கள். வெறும் தரையில் டயர் பிடித்துக்கொள்ளும், பொய்க் கோணம் காட்டும். வால்சக்கர வண்டிக்கு நேராகவோ மயிரிழை வெளிப்பக்கமாகவோ இருந்தால் நல்லது. உள்பக்கம் திரும்பியிருந்தால் ஓடுபாதையில் சுழலுகிற குணம் அதிகமாகும் என்பதுதான் பலருடைய அனுபவம்.

ஷிம் வைத்தால் போல்ட்டின் நீளம் மாறும், மரை புஷ்ஷுக்குள் உட்காராதபடி பார்த்து எடுங்கள். 1/4 நட்டுக்கு டார்க், அதாவது இறுக்கும் முறுக்கு, 50 முதல் 70 அங்குல-பவுண்டு. லாக் நட் (தானாகக் கழலாத நட்) வெறுமனே திருகும்போதே தருகிற இழுவையை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். முதல் சில இறக்கங்களுக்குப் பிறகு நான்கையும் மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள்.