புதுப்பிப்பு: சிகரெட்டை விட்டு 24 நாள்

விட்ட நான்காம் நாள், தலைவலி, கைநடுக்கம், தூக்கமில்லை என்று புலம்பியிருந்தேன் அல்லவா? தலைவலி முதல் வாரத்திலேயே போய்விட்டது. நிக்கோடின் இல்லாத தவிப்பு முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சம், அப்புறம் இறங்குமுகம். ஆனால் நடுக்கமும் தூக்கமின்மையும் மட்டும் விடவில்லை. காரணம் காபி! சிகரெட் புகை, கல்லீரல் காஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடுமாம். விட்டதும் அந்த வேகம் குறைந்து, வழக்கமான அதே நான்கு காபி ஏறக்குறைய எட்டாக வேலை செய்திருக்கிறது. மருத்துவர் சொல்லும்வரை நிக்கோடினையே திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். இரண்டாகக் குறைத்த பிறகு தூக்கம் வருகிறது. இருமல்தான் முன்பைவிட அதிகம். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி சுறுசுறுப்பாகிச் சளியை வெளியே தள்ளுகின்றனவாம். சரி, தள்ளட்டும். மலச்சிக்கலா? அதை மட்டும் கேட்காதீர்கள்.