சனிக்கிழமை ஏறுற சம்பளம் செவ்வாய்க்கிழமை இருக்கறதில்லைங்க. எப்படி நிறுத்தறது?

ஓவர்லாக்33 (திருப்பூர்):

வணக்கங்க. பனியன் கம்பெனியில ஓவர்லாக் டைலரா இருக்கறேன், வயசு 33. ஆர்டர் நெறைய இருந்தா ஒண்ணரை ஷிப்ட். காலையில எட்டரைக்கு மிஷின்ல உக்காந்தா எந்திரிக்கறதுக்கு ராத்திரி எட்டரை ஆயிரும். வாரச் சம்பளம் 4,000 ரூபாய்க்கு முன்னப்பின்ன அக்கவுண்ட்ல ஏறும். வாடகை, அரிசி, கேஸ் எல்லாம் வீட்டுக்காரர் பாத்துக்கறார், லோடு ஆட்டோ ஓட்டறார். காய்கறி, பால், பாப்பா படிப்பு என் பொறுப்பு. அது போக மிச்சம் ஆகணும். ஆகறதே இல்லைங்க.

ஜூன் மாசம் பாப்பா ஆறாவது சேந்தா. முதல் டெர்முக்கு 9,000 கட்டணும், கையில 1,100தான் இருந்துச்சு. எங்கம்மா போட்ட கால் பவுன் தோட்டை அடகு வெச்சுக் கட்டினேன். ஓட்டை தூந்துரக் கூடாதுன்னு காதுல வேப்பங்குச்சி சொருகியிருக்கறேன். "ஏம்மா குச்சி?"ன்னு பாப்பா கேக்கறா. புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

காசு எங்கதான் போகுதுன்னு மே மாச ஸ்டேட்மெண்டை எடுத்து, ஒரு ஞாயித்துக்கிழமை பேனாவோட உக்காந்து கோடு போட்டேன். ஆன்லைன்ல 11 பொருள், 3,120 ரூபாய். ஒவ்வொண்ணும் 199, 249, 399தான், ஒண்ணுகூட 500ஐத் தாண்டலை. காய் நறுக்கற டப்பா, செவுத்துல ஒட்டற மாடம், பாப்பாவுக்கு ஹேர்பேண்ட், நைட்டி. அந்த டப்பாவை இன்னும் பிரிக்கவே இல்லை. கம்பெனி வாசல் பேக்கரியில ஸ்கேன் பண்ணினது மட்டும் 1,260. ரெண்டும் சேந்து 4,380. என்னோட ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல.

இது பத்தாதுன்னு கேஷ் ஆன் டெலிவரி வேற. பார்சல் வர்ற நேரத்துல நான் கம்பெனியில இருப்பேன். பக்கத்து லைன் வீட்டு அக்கா காசு குடுத்து வாங்கி வெப்பாங்க. இப்ப அவங்களுக்கும் 650 நிக்குது. குடி, சீட்டாட்டம் எதுவும் எங்க வீட்டுல இல்லைங்க. இந்த ஃபோன் ஒண்ணுதான். மனசைக் கட்டுப்படுத்துன்னு சொல்லாதீங்க, அதை நானே தினமும் சொல்லிப் பாத்துட்டேன். வேற என்ன வழி இருக்குதுங்க?

தெற்குவாசல் (மதுரை):

தங்கச்சி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த 11 பொருளையும் எத்தனை மணிக்கு ஆர்டர் போட்டீங்க? ஆப்பிலேயே நேரம் இருக்கும், எடுத்துப் பாருங்க.

ஓவர்லாக்33:

பாத்தேங்க அண்ணா. ஒம்பது பொருள் ராத்திரி பத்தேகாலுக்கு மேல. எல்லாமே ஒண்ணரை ஷிப்ட் பாத்த நாள். சோறாக்கி, பாத்திரம் கழுவி, பாப்பா தூங்கினதுக்கு அப்பறம். இதை நான் யோசிச்சதே இல்லை.

தெற்குவாசல்:

நெனச்சேன். பன்னெண்டு மணி நேரம் மிஷின் சத்தத்துல இருந்துட்டு வந்த உடம்பு அது. உங்களுக்குன்னு அந்த ஒரு மணி நேரம்தான் இருக்கு, அந்த நேரத்துல கையில இருக்கறது ஃபோன். இதுல உங்க மனசை ஏன் குத்தம் சொல்றீங்க?

நான் 2022ல கிரெடிட் கார்டுல மாட்டுனவன். 'மினிமம் டியூ', அதாவது பில்லுல ஒரு சின்னப் பங்கு, அதை மட்டும் கட்டுனாப் போதும்னு நம்பிட்டேன். மிச்சத்துக்கு மாசம் 3.5 சதவீதம், வருஷத்துக்கு 42. வட்டிக்குக் குடுக்கறவங்ககிட்டக்கூட அவ்வளவு நான் குடுத்தது இல்ல. அடைச்சு முடிக்க ஒண்ணரை வருஷம் ஆச்சு. 'இப்போ வாங்கு, அப்புறம் கொடு'ன்னு உங்க ஆப்புல ஒண்ணு வந்து நிக்கும். அதை மட்டும் தொட்டுறாதீங்க.

எனக்குக் கைகொடுத்தது இதுதான். ஆப்பை அழிச்சேன். அழிச்சா திரும்ப எறக்கலாம்தான், ஆனா எறக்கி, ஓடிபி போட்டு உள்ள போறதுக்குள்ள பாதி ஆசை போயிரும். வேணுங்கறதை காலண்டர்த் தாள் பின்னாடி எழுதி வெச்சேன். அடுத்த சம்பளத்தன்னைக்கும் அது வேணும்னு தோணுனா வாங்கலாம்னு எனக்கு நானே வாக்குக் குடுத்தேன். வாங்கவே கூடாதுன்னு இருந்திருந்தா ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

பேக்கரிக்கு மட்டும் சனிக்கிழமையே 150 ரூபாய்க்குச் சில்லறை எடுத்துத் தனிப் பர்ஸ்ல வைங்க. நோட்டு குறையறது கண்ணுக்குத் தெரியும், ஸ்கேன் பண்ணுனா தெரியாது. யூபிஐ லைட்டுல காசு ஏத்தி வைக்கச் சொல்லி யாராச்சும் சொல்லுவாங்க. அதுல பின் நம்பரே கேக்காது. அந்தப் பின் நம்பர் போடுற ரெண்டு நொடியாச்சும் நமக்கு வேணும்.

பொன்னிநதி:

நகைக்கடைச் சீட்டு போடுங்க. 11 மாசம் கட்டினா தங்கமா கையில வரும், இடையில லேசுல எடுக்க முடியாது. நான் அப்படித்தான் ரெண்டு வளையல் சேத்தேன்.

அஞ்சலக முகவர் (ஈரோடு):

பொன்னிநதி, வளையல் வேண்டுமென்றால் உங்கள் வழி சரி. இவருக்கு வேண்டியது ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடக் கவுண்டரில் எண்ணி வைக்கும் பணம். நகைச்சீட்டு முடிந்தால் நகைதான் தருவார்கள். அதை அடகு வைத்துக் கட்டணம் கட்டினால் இவர் இப்போது நிற்கும் இடத்திலேயேதான் நிற்பார்.

நான் 14 வருடமாக அஞ்சலகத் தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., வசூலிக்கும் மகளிர் முகவர். மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். மொத்தம் 60 மாதம். 2023 அக்டோபரில் வட்டியை 6.7 சதவீதம் ஆக்கினார்கள். சேரும் நாளில் இருக்கும் வட்டி கடைசிவரை மாறாது. அந்தக் கணக்கில் மாதம் 1,000 கட்டினால் 60,000 போட்டு 71,366 எடுப்பீர்கள்.

ஆனால் தங்கச்சி, அடுத்த ஜூன் கட்டணத்துக்கு இதை நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் மூட முடியாது. அதன் பிறகு இடையில் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். 12 தவணை கட்டிய பிறகு கட்டியதில் பாதி வரை கடன் எடுக்கலாம், அவ்வளவே. ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். கட்டணப் பணத்துக்கு அஞ்சலகத்திலேயே 500 ரூபாயில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அதை ஃபோனில் எந்த ஆப்போடும் இணைக்க வேண்டாம். எடுக்க வேண்டுமானால் நேரில் போய்ச் சீட்டு எழுத வேண்டும். ஆர்.டி. சிறிய தொகையாகவே இருக்கட்டும். தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம்.

முகவர் மூலம் கட்டினால், பணம் வாங்கியதைக் குறிக்கும் அட்டையில் அவர் கையெழுத்தையும் பாஸ்புக்கில் அஞ்சலக முத்திரையையும் மாதாமாதம் பாருங்கள். எங்களுக்குக் கமிஷனை அரசு தருகிறது. உங்களிடம் ஒரு பைசாவும் கேட்கக் கூடாது.

ஓவர்லாக்33 (ஏழு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றிங்க. சொல்லணும்னு தோணுச்சு, அதான் எழுதறேன்.

சேமிப்புக் கணக்கு தொடங்கிட்டேன். சனிக்கிழமை சம்பளம் ஏறினதும் ஏடிஎம்ல 500 எடுத்து, சோப்புப் பெட்டிக்குள்ள வெச்சு, திங்கக்கிழமை வீட்டுக்காரர்கிட்டக் குடுத்து விடறேன், அவர் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான் போஸ்ட் ஆபீஸ். ஏழு வாரத்துல ஆறு தடவை போட்டுட்டேன், 3,000 ஆச்சு. ஒரு வாரம் ஆர்டர் இல்லை, மூணு நாள்தான் வேலை, அதனால போட முடியலை. அக்காவுக்கு 650 குடுத்து முடிச்சுட்டேன்.

ஆப்பை அழிச்சும் நாலாவது வாரத்துல திரும்ப எறக்கி ஒரு பெட்ஷீட் செட் 449க்கு வாங்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி ஒம்பதரை வரைக்கும் ஓட்டினோம், தோள்பட்டை ரெண்டும் கழண்டு விழற மாதிரி வலி. அதுக்கப்பறம் ஒண்ணு மாத்தினேன். ஒண்ணரை ஷிப்ட் அன்னைக்கு ஃபோனை சமையக்கட்டுல சார்ஜ் போட்டுட்டு, தைலம் தேச்சுட்டுப் படுத்துக்கறேன். பாப்பாதான் தேச்சு விடறா. காலண்டர்த் தாள்ல இதுவரைக்கும் 14 பொருள் எழுதியிருக்கறேன். அதுல வாங்கினது ரெண்டுதான், குக்கர் கேஸ்கட்டும் பாப்பாவுக்கு மழைக்கோட்டும்.

தோடு இன்னும் மீக்கலைங்க. பாப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம, போய் உண்டியலை எடுத்துட்டு வந்தா, 340 ரூபாய் இருந்துச்சு. நான் வாங்கலை. அவ பேருலயே ஆர்.டி. போட முடியுமாங்க அக்கா? பதினொண்ணு நடக்குது.

அஞ்சலக முகவர் (ஈரோடு):

முடியும் தங்கச்சி. பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆதார், பிறப்புச் சான்றிதழ், இரண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிப் போங்கள். கையெழுத்து அவள்தான் போட வேண்டும். மாதம் 100 போதும். உண்டியலில் உள்ளதே மூன்று மாதத்துக்கு வரும்.