உருளைக்கிழங்கில் சவ்வூடு பரவல்: எடை மாறாத புள்ளி ஏன் 0.42 மோலாரில் விழுகிறது?

மேல்நிலை_தாவரவியல்:

வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் ஆஸ்மாஸ்கோப் சோதனையை (குடைந்த உருளைக்கிழங்கில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி நீர் ஏறுவதைக் காட்டும் சோதனை) முடித்த கையோடு, கரைசலின் செறிவு மாறினால் உருளைக்கிழங்குத் திசுவில் சவ்வூடு பரவல், அதாவது சவ்வின் வழியே செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் நகர்வது, எவ்வாறு மாறுகிறது என்பதை மாணவிகளே அளந்து பார்க்கட்டும் என்று ஒரு சோதனை வைத்தேன். ஒரு லிட்டர் நீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்து 1 மோலார் கரைசல் தயாரித்து, அதை நீர்த்து 0.8, 0.6, 0.4, 0.2 மோலார் கரைசல்களை எடுத்துக்கொண்டோம். ஆறாவது பீக்கரில் வாலை வடிநீர் மட்டும் இருந்தது. கார்க் போரரால் 1 செ.மீ. விட்டத்தில் துளைத்து, தோலை நீக்கி, 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய துண்டுகளைப் பீக்கருக்கு மூன்றாகப் போட்டோம். ஒவ்வொரு துண்டும் 4 கிராமுக்குச் சற்று மேல் இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து, வடிதாளில் ஒற்றி எடைபோட்டதில் கிடைத்த சராசரி எடை மாற்றம் இது: வடிநீரில் 14 சதவீதம் கூடியது, 0.2இல் 7.5, 0.4இல் 0.8 கூடியது, 0.6இல் 7.2, 0.8இல் 14.5, 1.0இல் 16.8 சதவீதம் குறைந்தது. வரைபடத்தில் கோடு எடை மாறாத புள்ளியை 0.42 மோலாரில் வெட்டுகிறது. உருளைக்கிழங்குக்குப் பெரும்பாலும் 0.3 மோலாரை ஒட்டியே வரும் என்றுதான் படித்திருக்கிறேன். இவ்வளவு தள்ளி விழக் காரணம் என்ன? 0.8க்குப் பிறகு கோடு படுத்துவிடுவது ஏன்? 0.8, 1.0 மோலார் பீக்கர்களில் துண்டுகள் மிதந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வகக்_கணக்கு:

முதலில் கரைசலைப் பார்ப்போம். நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், உங்களிடம் இருந்தது 1 மோலார் கரைசல் அன்று. 1 மோலார் என்றால் ஒரு லிட்டர் கரைசலில் 342 கிராம் சுக்ரோஸ் (சர்க்கரை), ஒரு லிட்டர் நீரில் அன்று. 342 கிராம் சுக்ரோஸ் கரைசலுக்குள் ஏறத்தாழ 210 மி.லி. இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆகவே ஒரு லிட்டர் நீரில் அதைக் கரைத்தால் கிடைப்பது 1.21 லிட்டர் கரைசல், அதன் செறிவு 0.83 மோலார். இதை நீர்த்து எடுத்த எல்லாக் கரைசல்களும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும். உங்கள் 0.42 உண்மையில் 0.35தான். முக்கால் பங்கு நீரில் சர்க்கரையை முழுவதும் கரைத்து, ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் ஊற்றி, கழுத்துக் கோடு வரை நீர் சேர்ப்பதே முறை. சர்க்கரையை வீணாக்காமல் 250 மி.லி.க்கு 85.5 கிராம் என்று போட்டாலே ஒரு வகுப்புக்குப் போதும்.

மிதந்ததற்கும் கணக்கு இருக்கிறது. சரியான 1 மோலார் சுக்ரோஸ் கரைசலின் அடர்த்தி மி.லி.க்கு 1.13 கிராம், உங்களுடையது 1.11 அளவில் இருந்திருக்கும். உருளைக்கிழங்கு அநேகமாக 1.08ஐ ஒட்டியே இருப்பதால், துண்டின் ஒரு பகுதி கரைசலுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டு நின்றிருக்கும். அந்தப் பகுதியிலிருந்து நீர் வெளியேற வழி குறைவு. தவிர, செறிந்த சர்க்கரைப் பாகு துண்டின் மேல் பசைபோல ஒட்டும். வடிதாளில் ஒற்றினாலும் முழுவதும் போகாது. இரண்டும் எடை இழப்பைக் குறைத்துத்தான் காட்டும். சிறு கம்பி வலைத் துண்டால் அமுக்கி வையுங்கள். ஒற்றுவதையும் ஒரே மாணவி, ஒரே அழுத்தத்தில், ஒரே எண்ணிக்கையில் செய்யட்டும். எங்கள் ஆய்வகத்தில் இந்தச் சோதனையை அதிகம் கெடுத்தது, ஆளுக்கொரு விதமாக ஒற்றியதுதான்.

யாழ்_நுண்ணோக்கி:

இங்கே யாழ்ப்பாணத்தில் நாங்கள் சவ்வூடு பரவலைப் பிரசாரணம் என்போம். பெயர் எதுவாயினும் கிழங்கு ஒன்றுதான். கோடு படுத்துவதற்கு மேலே சொன்னவற்றுடன் கலத்தின் (செல்லின்) உள்ளேயே இன்னொரு காரணமும் உள்ளது. செறிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் முதலுரு (மென்சவ்வும் அதனுள் இருப்பதும்) கலச்சுவரை விட்டு விலகிச் சுருங்குகிறது. கலச்சுவர் சுக்ரோசைத் தடுப்பதில்லை, மென்சவ்வுதான் தடுக்கிறது. ஆகவே சுவருக்கும் முதலுருவுக்கும் இடையே விட்ட வெளியை வெளிக்கரைசலே வந்து நிரப்பிவிடுகிறது. போன நீருக்குப் பதிலாகக் கரைசல் வந்து உட்காரும்போது தராசு முழு இழப்பையும் காட்டாது. வடிநீர்ப் பக்கமும் ஏற்றம் எல்லையின்றிப் போவதில்லை: சுவர் இழுபட்டு எதிர் அழுத்தம் கொடுக்க, உட்புகுவதும் வெளியேறுவதும் சமனாகும் இடத்தில் நின்றுவிடும். ஆகவே ஆறு புள்ளிகளுக்கும் ஒரே நேர்கோடு போடச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை 0.2க்கும் 0.5க்கும் இடையில் 0.05 இடைவெளியில் கரைசல்களை வைத்தால், வெட்டும் புள்ளி இன்னும் நம்பகமாகக் கிடைக்கும்.

மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எடை மாறாத செறிவைக் கண்டதும், 'கலச்சாறின் செறிவும் இதுவே' என்று எழுதிவிடுவார்கள். அது சரியன்று. திறந்த பீக்கரில் உள்ள கரைசலுக்கு மேலதிக அழுத்தம் இல்லை. கிழங்கின் கலத்திலோ, உள்ளிருக்கும் நீர் சுவரைத் தள்ளுவதால் வரும் விறைப்பழுத்தம் இருக்கிறது. எடை மாறாத இடத்தில் சமனாவது இரண்டின் நீரியல் திறன் (கரைபொருளும் அழுத்தமும் சேர்ந்து தீர்மானிக்கும், நீர் வெளியேற முனையும் அளவு) மட்டுமே, எனவே கலச்சாறு அந்தக் கரைசலைவிடச் செறிவானதாகவே இருக்கும். கரைபொருளின் பங்கை மட்டும் தனியே அறிய வேண்டுமானால் ரியோ இலையின் ஊதா நிற மேற்றோலை உரித்து, பாதிக் கலங்களில் முதலுரு சுவரை விட்டு விலகத் தொடங்கும் செறிவை நுணுக்குக்காட்டியில் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே விறைப்பழுத்தம் பூச்சியம்.

0.35 மோலாருக்கு, 27 பாகை செல்சியசில், 0.35 × 0.00831 × 300 எனப் பெருக்கினால் நீரியல் திறன் −0.87 மெகாபாஸ்கல் வரும். சுக்ரோஸ் தன்னைச் சுற்றி நீரைப் பிடித்து வைப்பதால் உண்மை மதிப்பு இன்னும் சற்றுக் கீழே இருக்கும். பள்ளிக் கணக்குக்கு இது போதும்.

நல்ல தராசு இல்லாத பள்ளிகளுக்குச் சர்தாகோவ் முறை கைகொடுக்கும். கிழங்கு ஊறிய கரைசலின் நடுவில், அதே செறிவுள்ள ஊறாத கரைசலை மெத்திலீன் நீலத்தால் இலேசாக நிறமூட்டி, துளிசொட்டியால் மெதுவாக ஒரு துளி விட வேண்டும். துளி மேலே ஏறினால் திசு நீரை இழுத்துக்கொண்டதால் கரைசல் செறிந்துவிட்டது. அமிழ்ந்தால் திசு நீரை விட்டிருக்கிறது. துளி நின்ற இடத்திலேயே கலங்கிப் பரவினால் அதுதான் நீங்கள் தேடும் செறிவு. ஊறவைக்கும் கரைசல் கொஞ்சமாகவும் கிழங்கு நிறையவும் இருந்தால்தான் துளி தெளிவாக நகரும்.

ஆய்வகக்_கணக்கு:

ஒன்று கேட்க மறந்தேன். கிழங்கு எங்கிருந்து வந்தது? 0.35 என்பதும் வழக்கமான 0.3ஐவிடக் கொஞ்சம் மேலேதான்.

மேல்நிலை_தாவரவியல்:

என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரமாகக் கிடந்த கிழங்கு. அது கணக்கில் வருமா?

ஆய்வகக்_கணக்கு:

கட்டாயம் வரும். குளிரில் வைத்த உருளைக்கிழங்கு தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அதை எண்ணெயில் பொரித்தால் வறுவல் சீக்கிரம் கறுத்துப்போவதற்கும் இதுவே காரணம். மாவுச்சத்து நீரில் கரையாத பெரிய மூலக்கூறு என்பதால் சவ்வூடு பரவலில் அதன் பங்கு மிகவும் சொற்பம். அதே பொருள் உடைந்து எத்தனையோ சிறு சர்க்கரை மூலக்கூறுகளாகும்போது கலச்சாறு செறிந்து, நீரியல் திறன் இறங்கி, வெட்டும் புள்ளி வலப்பக்கம் நகரும். ஆனால் கரைசலையும் கிழங்கையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதீர்கள். எது எவ்வளவு செய்தது என்பது பிறகு தெரியாமல் போய்விடும்.

இரண்டு மணி நேரம் போதுமா என்பதையும் இதே சாக்கில் பார்த்துவிடுங்கள். ஒரு பீக்கரின் துண்டுகளை மட்டும் அரைமணிக்கு ஒருமுறை எடைபோட்டு, எடை நிலைக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். நம்மூர் வெயிலில் இரவு முழுவதும் ஊறவிட்டால் மறுநாள் கரைசல் கலங்கி நாற்றமடிக்கும். அந்த எடை எதற்கும் உதவாது.

மேல்நிலை_தாவரவியல்:

இந்த வாரம் கரைசலைச் சரியாகத் தயாரித்து, இரண்டு குழுக்களாகச் செய்தோம். குளிர்சாதனப் பெட்டியில் மீதமிருந்த கிழங்கு 0.36இல் வெட்டியது, காலையில் காய்கறிக் கடையில் வாங்கியது 0.30இல். எடை நிலைக்க மூன்றரை மணி நேரம் ஆனது. கம்பி வலை போட்டதில் 0.8, 1.0 மோலார் இழப்பு கூடியிருக்கிறது, ஆனாலும் கோடு முன்போலவே சாய்வு குறைந்துதான் போகிறது. யாழ் நண்பர் சொன்ன விளக்கத்தை மாணவிகள் அங்கே எழுதிக்கொண்டார்கள். கடைக் கிழங்குக் குழுவில் 0.25 மோலார் பீக்கரின் ஒரு துண்டு மட்டும் மற்ற இரண்டும் ஏறியபோது இறங்கியது. அதில் தோல் ஓரமாக ஒட்டியிருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். அதை நீக்காமல் அப்படியே பதிவேட்டில் வைத்து, சராசரியில் மட்டும் சேர்க்காமல், பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லியிருக்கிறேன். சர்தாகோவ் துளியைத் திங்கட்கிழமை செய்யவிருக்கிறோம். மெத்திலீன் நீலம் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறது.