அமெரிக்க எரிசக்தித் துறை: அதிபர் யாரை யாரையெல்லாம் நியமிக்கிறார்?

லெமான்ட்_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். சிகாகோ பக்கம் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பேட்டரிக்கான மின்முனைப் பொருட்கள்தான் வேலை. அப்பா தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் போனில் ஒரே கேள்வி: "உங்க மினிஸ்டர் எண்ணெய்க் கிணறு கம்பெனிக்காரராமே, பேட்டரியை இழுத்து மூடிட மாட்டாரே?"

அவரைச் சமாளிக்க எனக்கே விவரம் தெரியவில்லை. எரிசக்தித் துறையில் அதிபர் நேரடியாக நியமிப்பது செயலர் ஒருவரை மட்டும்தானா, இல்லை கீழேயும் உண்டா? எங்கள் ஆய்வக இயக்குநரும் அதிபர் போட்ட ஆளா? செனட் ஒப்புதல் கிடைக்கும் வரை அந்த வேலையை யார் பார்ப்பார்கள்? தெரிந்தவர்கள் சொன்னால் இந்த ஞாயிறு தப்பித்துவிடுவேன்.

ராக்வில்_மீனா:

பட்டியல் வேண்டுமென்றால் 'பிளம் புக்' என்று தேடுங்கள் தம்பி. அதிபர் தேர்தல் முடிந்ததும் நாடாளுமன்றக் குழு வெளியிட்டு வந்த புத்தகம். அரசில் அதிபர் கைவசம் இருக்கும் பதவி ஒவ்வொன்றும், துறைவாரியாக, யார் இருக்கிறார்கள் என்பதோடு இருக்கும். செனட் ஒப்புதல் தேவையான பதவிக்குப் பக்கத்தில் 'பிஏஎஸ்' என்று போட்டிருப்பார்கள். 2022-இல் சட்டம் போட்டு இணையத்திலும் வைக்கச் சொல்லிவிட்டார்கள். விளக்கம் சொல்ல நம் ஜெர்மன்டவுன் ஐயா வருவார், கொஞ்சம் பொறுங்கள். வந்தால் லேசில் நிறுத்த மாட்டார்.

ஜெர்மன்டவுன்_பெரியவர்:

மீனா, வந்துவிட்டேன்.

தம்பி, முதலில் அந்த 'மினிஸ்டர்' விஷயம். அப்பா சொல்வதுதான் சரி. நாம் 'செயலர்' என்று மொழிபெயர்த்ததும் கோட்டையில் ஐஏஎஸ் அதிகாரி உட்கார்ந்திருப்பது மாதிரி நினைத்துக்கொள்கிறோம். இங்கே செயலர்தான் அமைச்சர். அதைவிட வேடிக்கை, அவருக்குக் கீழே இருக்கும் பதவி. சென்னைத் தலைமைச் செயலகத்தில் சார்புச் செயலாளர் என்றால் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். இங்கே சார்புச் செயலர் என்றால் செயலர், துணைச் செயலர், அதற்கு அடுத்த ஆள். அதிபர் பெயர் சொல்லி, செனட் வாக்களித்து உட்கார வைக்கிற பெரிய மனிதர்.

நான் 1994 முதல் 2018 வரை மேரிலாந்தில் ஜெர்மன்டவுன் கட்டடத்தில் ஒப்பந்த ஊழியனாகக் கணக்கு பார்த்தவன். 1950களின் கடைசியில் அணுசக்தி ஆணையத்துக்காகக் கட்டியது. தலைநகரில் குண்டு விழுந்தாலும் இது தப்ப வேண்டும் என்று தள்ளி வந்து கட்டினார்களாம். 1977-இல் கார்ட்டர் எரிசக்தித் துறையை உருவாக்கியபோது இதுவும் அதோடு வந்துவிட்டது. வாசலில் நுழைந்ததும் சுவரில் அதிபர், செயலர் படங்கள் மாட்டியிருக்கும். என் காலத்தில் அந்தச் செயலர் கொக்கியில் எட்டுப் பேர் தொங்கியிருக்கிறார்கள்: ஓ'லியரி, பெனா, ரிச்சர்ட்சன், ஆபிரகாம், பாட்மன், சூ, மோனிஸ், பெர்ரி.

2017 ஜனவரி 20 வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காபி டம்ளரோடு உள்ளே வருகிறேன், சுவரில் படமே இல்லை. படச்சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுப்பு கம்மியாகச் சதுரமாகத் தெரிகிறது. பெர்ரிக்கு செனட் ஒப்புதல் கிடைத்தது மார்ச் 2-ஆம் தேதி, 62-க்கு 37. புது அதிபரின் அதிகாரபூர்வப் படம் அச்சாகி அலுவலகங்களுக்கு வரவே அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. அதுவரை அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே போய் வந்தோம், வேலை பாட்டுக்கு நடந்தது.

பெர்ரி வரும் வரை அந்த ஆறு வாரம் துறையை நடத்தியவர் பெயர் உங்கள் ஆய்வகத்தில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. கிரேஸ் போச்செனெக். பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிற எரிசக்தித் தொழில்நுட்ப ஆய்வகத்தின் இயக்குநர், நிரந்தர அதிகாரி. நம் ஊர் அலுவலகங்களில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் '(பொறுப்பு)' என்று போடுவார்களே, அதேதான். 2021-இல் டேவிட் ஹுய்ஸெங்கா, 2025-இல் இங்க்ரிட் கோல்ப். மூவருமே எந்தக் கட்சிக்காரரும் இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. போச்செனெக் ஏன் அந்த நாற்காலிக்கு வர முடிந்தது தெரியுமா? துறையின் 17 தேசிய ஆய்வகங்களில் அவருடையது ஒன்றுதான் அரசே நேரடியாக நடத்துவது. இயக்குநரும் அரசு ஊழியர். மற்ற 16-ம் ஒப்பந்தத்துக்கு விட்டவை. இடமும் கருவியும் அரசுடையது, நடத்துவது வேறு அமைப்பு. உங்கள் ஆர்கானை சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிறுவனம் நடத்துகிறது, பெர்க்லியை கலிபோர்னியா பல்கலைக்கழகம். ஆகவே உங்கள் இயக்குநர் அதிபர் போட்ட ஆள் இல்லை. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், மேலே என்ன பெயர் இருக்கிறதென்று. அப்பாவிடம் அதையே படித்துக் காட்டுங்கள்.

அதிபர் நியமித்து செனட் ஒப்புதல் தர வேண்டியவர்கள் என்று பார்த்தால் செயலர், துணைச் செயலர், சார்புச் செயலர்கள், அவர்களுக்குக் கீழே உதவிச் செயலர்கள், சட்ட ஆலோசகர், தலைமைக் கண்காணிப்பாளர், அறிவியல் அலுவலக இயக்குநர், புது எரிசக்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்குப் பணம் தரும் ஆர்ப்பா-இ அமைப்பின் இயக்குநர், புள்ளிவிவரம் வெளியிடும் எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் தலைவர், இப்படிப் போகும். அந்தக் கடைசி ஆளுக்குச் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை: தகவல் அமைப்பை நடத்துகிற தகுதி அவருடைய தொழில் அனுபவத்தில் இருக்க வேண்டும். செயலருக்கு அப்படி ஒரு வரியும் கிடையாது.

அதனால்தான் யார் வேண்டுமானாலும் வந்திருக்கிறார்கள். ரீகன் முதலில் போட்டது ஜேம்ஸ் எட்வர்ட்ஸ், தெற்கு கரோலினா முன்னாள் ஆளுநர், தொழில் பல் மருத்துவம். அவரைப் போட்டதே துறையை மூடத்தான். மூடவில்லை, அவர்தான் 1982-இல் கிளம்பிப் போனார்.

மூடுகிறேன் என்றவர்கள் வந்து உட்கார்ந்த கதை அதோடு முடியவில்லை. ஸ்பென்சர் ஆபிரகாம் செனட்டராக இருந்தபோது, 1999-இல், இந்தத் துறையைக் கலைக்கும் மசோதாவில் கையெழுத்திட்டவர். 2001-இல் அவரே செயலர். ரிக் பெர்ரி 2011-இல் அதிபர் வேட்பாளர்கள் விவாத மேடையில் மூன்று துறைகளை ஒழிப்பேன் என்று விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். இரண்டு சொன்னார், மூன்றாவது நினைவுக்கு வரவில்லை. 'ஊப்ஸ்' என்று சொல்லிவிட்டு நின்றார். மறந்துபோன மூன்றாவது நாங்கள்தான்! கேன்டீனில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு... ஐந்து வருஷம் கழித்து அவர் படத்தையே மாட்ட வேண்டி வந்தது. செனட் குழு முன் விசாரணைக்கு வந்தபோது, துறை என்னென்ன செய்கிறது என்று விளக்கம் கேட்ட பிறகு, அப்படிச் சொன்னதற்கு வருந்துவதாகச் சொன்னார்.

என்ன செய்கிறது என்றால், பெயரில் எரிசக்தி இருக்கிறதே தவிர, வரவு செலவில் கிட்டத்தட்டப் பாதி அணு ஆயுதத்துக்கும் அதை ஒட்டிய வேலைகளுக்கும். அதைப் பார்ப்பது தேசிய அணுப் பாதுகாப்பு நிர்வாகம். 2000-இல் தொடங்கியது, தலைவர் ஒரு சார்புச் செயலர். அவரை விசாரிப்பதுகூட எரிசக்திக் குழு இல்லை, ராணுவக் குழு. மற்ற எல்லா அரசியல் நாற்காலிகளும் ஜனவரி 20 மதியம் காலியான 2017-இல், ஒபாமா நியமித்த ஃப்ராங்க் க்ளாட்ஸ் மட்டும் மேலும் ஒரு வருஷம் இருந்தார். குண்டுப் பக்கம் யாரும் அவசரப்படுவதில்லை.

கை வலிக்கிறது, நாளை தொடர்கிறேன்.

ஆஸ்டின்_குமரன்:

பெரியவர் நல்லா கதை சொல்றார். ஆனா உண்மை இதுதான்: யார் பணம் கொடுத்தாங்களோ அவங்க ஆளுக்குப் பதவி. இப்போ இருக்கிற கிறிஸ் ரைட் லிபர்ட்டி எனர்ஜி நடத்தினவர், பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்க உதவுற கம்பெனி. அதுக்குப் பயன்படுத்துற திரவத்தைக் கேமரா முன்னாடி குடிச்சுக் காட்டினவர். இதுல பேட்டரி ஆளுங்க பயப்படாம என்ன செய்வாங்க?

லெமான்ட்_தம்பி:

ஐயா, மிக்க நன்றி. சம்பளச் சீட்டைப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. இத்தனை நாள் மேலே படித்ததே இல்லை. குமரன் சொல்வதும் மனதில் ஓடுகிறது. ஒருவேளை செயலரைவிட எங்களைப் பாதிக்கிற ஆள் வேறு யாராவது இருக்கிறாரா? அப்புறம், நம்ம ஆட்கள் யாராவது அந்தப் பட்டியலில் வந்திருக்கிறார்களா?

ஜெர்மன்டவுன்_பெரியவர்:

குமரன், ரைட் எண்ணெய்க்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. 59-க்கு 38, 2025 பிப்ரவரி 3. ஆனால் 'எல்லாமே கம்பெனி ஆள்' என்றால் கணக்கு உதைக்கும். 2009-இல் வந்த ஸ்டீவன் சூ இயற்பியலில் நோபல் வாங்கியவர், பெர்க்லி ஆய்வக இயக்குநராக இருந்து வந்தவர். ஒபாமா பதவியேற்ற அன்றே குரல் வாக்கெடுப்பில் ஒப்புதல் ஆகிவிட்டது. மோனிஸ் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்ஐடி பேராசிரியர், 97-க்கு 0. ஈரான் அணு ஒப்பந்தப் பேச்சில் அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்த ஈரானின் சாலேஹியும் எம்ஐடியில் படித்தவர்தான். கார்ட்டர் காலத்தில் சார்லஸ் டங்கன், கோக கோலாவின் தலைவராக இருந்தவர். அப்பா புஷ் காலத்தில் கடற்படை அட்மிரல் வாட்கின்ஸ்.

தம்பி கேட்டது நல்ல கேள்வி. என்னைக் கேட்டால் உங்கள் ஆர்கான் மாதிரி ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்ளும் அறிவியல் அலுவலகத்தின் இயக்குநர் நாற்காலியைப் பாருங்கள். 2013-இல் பில் பிரிங்க்மன் போனதும் எம்ஐடியின் மார்க் காஸ்ட்னரை ஒபாமா பரிந்துரைத்தார். செனட் வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. மனிதர் காத்துக் காத்து 2015-இல் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த வருஷம் டிசம்பரில்தான் செரி மர்ரி வந்தார். இடையில் நடத்தியது பாட்ரிசியா டேமர், பொறுப்பு. மர்ரி 2017 ஜனவரியில் போனார், மறுபடி ஸ்டீவ் பின்க்லி, பொறுப்பு. கிறிஸ் ஃபால் வந்தது 2019 மே. ஆறு வருஷத்தில் முழு அதிகாரத்தோடு ஆள் இருந்தது ஒரு வருஷம் சொச்சம்.

டேமரும் பின்க்லியும் துறையை உள்ளும் புறமும் அறிந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொறுப்பில் இருப்பவர் புதிதாக ஒன்றைத் தொடங்கத் தயங்குவார். 'வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்' என்று கோப்பு மேசையின் வலது ஓரத்துக்கு நகரும். எனக்குத் தெரிந்த ஒரு கோப்பு அந்த ஓரத்திலேயே இரண்டு கிறிஸ்துமஸ் பார்த்தது. அதன்மேல் காபிக் கறை வட்டம் ஒன்று, அதற்குள் இன்னொன்று. சட்டப்படி பொறுப்புக்கு 210 நாள்தான் கெடு, புது அதிபர் வந்த புதிதில் 300. ஆனால் ஒரு பெயரைப் பரிந்துரைத்து அது செனட்டில் கிடக்கும் வரை கெடு ஓடாது. செனட்டர் ஒருவர் முட்டுக்கட்டை போட்டால் போதும், அந்தப் பெயர் மாதக் கணக்கில் கிடக்கும். 2025 செப்டம்பரில் விதியை மாற்றி 48 பேரை ஒரே வாக்கெடுப்பில், 51-க்கு 47, உள்ளே அனுப்பினார்கள். அணுப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு வந்த பிராண்டன் வில்லியம்ஸ் அதில் ஒருவர். வேகம் வந்தது. ஆளாளுக்குத் தனித்தனியாகக் கை தூக்கின பழக்கம் போனது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

நம்ம ஆட்கள்: மும்பை ஐஐடியில் படித்த அருண் மஜும்தார்தான் ஆர்ப்பா-இயின் முதல் இயக்குநர், 2009. அவரைச் சார்புச் செயலராகவும் ஒபாமா பரிந்துரைத்தார். அந்த வேலையைப் பொறுப்பாகப் பார்த்தார், ஒப்புதல் வரவே இல்லை, 2012-இல் கிளம்பிவிட்டார். தமிழர் என்றால் பக்கத்துத் துறையில்: சென்னை விவேகானந்தா கல்லூரியில் படித்த சேதுராமன் பஞ்சநாதன், தேசிய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக 2020 முதல். அதுவும் அதிபர் நியமனம், செனட் ஒப்புதல், ஆறு வருஷப் பதவிக்காலம். முடியும் முன்பே 2025 ஏப்ரலில் விலகினார்.

உங்கள் திட்டத்துக்குப் பணம் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறது என்று உங்கள் பேராசிரியரிடம் கேட்டு வையுங்கள். நாடாளுமன்றம் அந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்குகிறது என்பதுதான் உங்கள் அடுத்த வருஷத்தை முடிவு செய்யும்.

ராக்வில்_மீனா:

ஒன்று சேர்க்கிறேன். அதிபருக்கு ஏதாவது ஆனால் பதவிக்கு வரும் வரிசையில் எரிசக்திச் செயலர் 15-வது. பைடன் காலச் செயலர் ஜெனிஃபர் கிரான்ஹோம் கனடாவின் வான்கூவரில் பிறந்தவர் என்பதால் வரிசை அவரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. 2014-இல் மோனிஸ், 2019-இல் பெர்ரி, இரண்டு பேரும், எல்லோரும் கூடும் இடத்தில் ஏதாவது நடந்தாலும் வரிசையில் ஒருவர் மிஞ்ச வேண்டும் என்று, அதிபர் உரை நடந்த இரவில் வேறு எங்கோ பத்திரமாக வைக்கப்பட்டவர்கள்.

லெமான்ட்_தம்பி:

ஞாயிறு முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அங்கேயும் '(பொறுப்பு)' உண்டா!" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். பேட்டரியைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டார். பல் டாக்டர் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

ஜெர்மன்டவுன்_பெரியவர்:

சந்தோஷம். ஒரு திருத்தம், தம்பி. மேலே கேன்டீனில் சிரித்தோம் என்று எழுதினேன். 'ஊப்ஸ்' நடந்தது இரவு விவாதத்தில், நாங்கள் சிரித்தது மறுநாள் மதியம். வீட்டம்மா படித்துவிட்டுச் சொன்னாள், அன்றைக்கு டப்பாவில் புளிசாதமாம்.